கேபினெட் வாங்கும் முன் உள்ளே பார்க்க வேண்டியவை

கேள்வி இதுதான்: ஏடிஎக்ஸ் (வழக்கமான முழு அளவு) மதர்போர்டு வைக்க ஒரு மிட் டவர் (நடுத்தர உயர) கம்ப்யூட்டர் கேபினெட் வேண்டும். பார்த்து வைத்திருக்கும் இரண்டு மாடலிலும் முன்னால் வலை, பக்கத்தில் கண்ணாடி, கூடவே மூன்று ஃபேன். ஸ்பெக் பட்டியலில் எண்களும் ஏறக்குறைய ஒன்றுதான். விலை மட்டும் ஒன்றுக்கு இரண்டு மடங்கு. உள்ளமைப்பைப் பார்த்து எது நல்லது என்று எப்படி முடிவு செய்வது?

ஸ்பெக் பட்டியல் ஒன்றுபோல் இருப்பதில் வியப்பில்லை. அதிலுள்ள எண்களில் பல, மற்ற இடமெல்லாம் காலியாக இருக்கும்போது அளந்தவை. 360 மி.மீ. நீளக் கிராபிக்ஸ் கார்டு போகும் என்பது உண்மை. முன்னால் ரேடியேட்டர் (வாட்டர் கூலரின் சூட்டை வெளியேற்றும் பாகம்) போகும் என்பதும் உண்மை. இரண்டும் ஒரே நேரத்தில் போகுமா என்பதைப் பட்டியல் சொல்லாது. ஒரே இடத்துக்கு இரண்டு பாகங்கள் போட்டி போடும் இடங்களில்தான் ஒரு கேபினெட்டை யோசித்துச் செய்தார்களா, எப்படியோ அடைத்துவிட்டார்களா என்பது தெரியும். அதனால் முதல் வேலை, உங்கள் பாகங்களின் நிஜ அளவுகளை ஒரு தாளில் எழுதிக்கொள்வது: கிராபிக்ஸ் கார்டின் நீளம், அகலம், தடிமன், கூலரின் உயரம் அல்லது ரேடியேட்டரின் அளவு, ராமின் உயரம், எஸ்எம்பிஎஸ்ஸின் (மின்சாரம் தரும் பெட்டி) நீளம், எத்தனை ஹார்ட் டிஸ்க். இந்தத் தாள் இல்லாமல் எந்தக் கேபினெட்டையும் நல்லது கெட்டது என்று சொல்ல முடியாது.

முன்பக்கக் கணக்கிலிருந்து தொடங்கலாம். ஏஐஓ எனப்படும் ரெடிமேட் வாட்டர் கூலர்களின் ரேடியேட்டர் பெரும்பாலும் 27 மி.மீ. தடிமன், ஃபேன் 25 மி.மீ. இரண்டும் சேர்ந்து 52. அதை முன்னால் மாட்டினால் 360 என்று போட்டிருக்கும் கார்டு இடம் 308 ஆகிவிடும். அந்த 360, முன் ஃபேனைக் கழித்த பிறகு மிஞ்சும் அளவா, ஃபேனே இல்லாத அளவா என்பது அடிக்குறிப்பில் இருக்கும். ஃபேனைக் கழித்த அளவு என்றால் இன்னும் 27 மட்டும் போகும். என்விடியாவின் சொந்த ஆர்டிஎக்ஸ் 4090 கார்டு 304 மி.மீ.; 308-இல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நுழையும். அதே சில்லில் ஆசுஸ் செய்த ஸ்ட்ரிக்ஸ் கார்டு 357.6 மி.மீ.; அதற்கு முன் ரேடியேட்டர் என்ற பேச்சே கிடையாது.

மேல்பக்கம் இதைவிட ஏமாற்றும். மேலே 360 ரேடியேட்டர் போகும் என்று எழுதியிருந்தால், அது நீளத்துக்கான உத்தரவாதம் மட்டும்தான். ரேடியேட்டரின் நிஜ நீளம் 395 மி.மீ. அளவுக்கு வரும், 120 மி.மீ. ஃபேன் மூன்றின் கூட்டுத்தொகையோடு நின்றுவிடாது. நீளம் சரியாக இருந்தாலும், போர்டின் மேல் விளிம்பிலிருந்து கூரை வரை எவ்வளவு இடம் என்று அளந்து பாருங்கள். 55 மி.மீ. இருந்தால் ரேடியேட்டரும் ஃபேனும் போர்டைத் தொடாமல் உட்காரும். 40-தான் இருக்கிறது என்றால் போர்டின் மேல் பகுதியோடு முட்டும். அப்போது காப்பாற்றுவது ஒரே ஒரு விஷயம்: கூரையிலுள்ள திருகுத் துளைகளைப் போர்டுப் பக்கத்திலிருந்து தள்ளி, கண்ணாடிப் பக்கமாக வைத்திருக்கிறார்களா என்பது. அப்படி வைத்திருந்தால் ஃபேனின் விளிம்புக்கும் போர்டுக்கும் நடுவே ராம் நிற்க இடம் கிடைக்கும். விளக்கு வைத்த ராம்கள் 44 மி.மீ. உயரம் வரும், சாதாரணத் தகடு போட்டவை 32, 34-தான். கூரையில் துளைகள் நட்ட நடுவில் இருந்து, மேலே 40 மி.மீ. மட்டுமே விட்டிருந்தால், அந்த 360 ரேடியேட்டர் பட்டியலில் மட்டும்தான் போகும்.

கேபினெட் அகலமாகத் தெரிந்தால் உள்ளேயும் இடம் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். லியான் லியின் ஓ11 டைனமிக் 272 மி.மீ. அகலம், மிட் டவர்களில் தாராளமான உடம்பு. ஆனால் அதில் எஸ்எம்பிஎஸ்ஸும் டிஸ்க்கும் போர்டுக்குப் பின்னால் தனி அறையில் போவதால், கூலருக்குக் கிடைக்கும் உயரம் 155 மி.மீ.தான். 165 மி.மீ. உயர நாக்டுவா என்எச்-டி15 அதில் போகாது. வாட்டர் கூலிங் போடுகிறவர்களுக்காகச் செய்த பெட்டி அது, அவர்களுக்கு அருமையானது. காற்றுக் கூலர் வைத்திருப்பவருக்கு அதைவிட 40 மி.மீ. ஒல்லியான பெட்டி பொருத்தமாக இருக்கலாம்.

கூலர் உயரத்துக்கான எண்ணை இன்னொரு வேலைக்கும் பயன்படுத்தலாம். புராசஸரின் மேல்பரப்பு போர்டிலிருந்து ஏறத்தாழ 7 மி.மீ. உயரத்தில் இருக்கிறது. கூலருக்கு 165 என்றால், போர்டிலிருந்து பக்கக் கண்ணாடி வரை சுமார் 172 மி.மீ. இப்போது கார்டின் அகலத்தைப் பாருங்கள். மேலே சொன்ன ஸ்ட்ரிக்ஸ் 149.3 மி.மீ. புதிய 16-பின் பவர் கனெக்டரில் வயர், கனெக்டரை விட்டு வெளியே வந்து 35 மி.மீ. நேராகப் போன பிறகே வளைய வேண்டும். கூட்டினால் 184. அதாவது கண்ணாடியை மூடினால் அது வயரை அழுத்தும், அழுத்தினால் கனெக்டர் ஒரு பக்கம் சாயும், சாய்ந்தால் சில பின்கள் மட்டும் முழு மின்னோட்டத்தையும் சுமக்கும். கனெக்டர் உருகுவதற்கான முக்கியக் காரணங்களில் சரியாக உட்காராத கனெக்டர் ஒன்று. கார்டு நீளம் போகிறதா என்று பார்ப்பவர்கள் நிறையப் பேர், அகலம் பார்ப்பவர்கள் குறைவு. தயவுசெய்து பாருங்கள்.

தடிமன் கணக்கு, சிறிய கேபினெட்டில் உயிர்நாடி. கார்டு மாட்டும் பின்பக்க ஸ்லாட் ஒவ்வொன்றும் 20.32 மி.மீ. ஏடிஎக்ஸ்ஸில் ஏழு ஸ்லாட், அதைவிடச் சிறிய மைக்ரோ ஏடிஎக்ஸ்ஸில் நான்கு. ஏடிஎக்ஸ் போர்டில் கார்டு இரண்டாம் ஸ்லாட்டில் தொடங்கி மூன்று ஸ்லாட் எடுத்தால், கீழே இன்னும் மூன்று ஸ்லாட், 61 மி.மீ. காற்றுக்கு மிஞ்சும். மைக்ரோ ஏடிஎக்ஸ் பெட்டியில் அதே கார்டு இரண்டாம் ஸ்லாட்டிலிருந்து தொடங்கினால் நான்காவதோடு முடியும். அதற்குக் கீழே எஸ்எம்பிஎஸ்ஸை மூடியிருக்கும் தகடு. கார்டின் ஃபேன்கள் அந்தத் தகட்டைப் பார்த்துக்கொண்டு, இழுக்கக் காற்றில்லாமல் சத்தம் மட்டும் போடும். மூடு தகட்டில் துளைகள் இருக்கின்றனவா, அதன் மேல் ஃபேன் மாட்ட இடம் விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். முழுத் தகடாக அடைத்திருந்தால் பெரிய கார்டுக்கு அந்தப் பெட்டி வேண்டாம்.

அந்த மூடு தகட்டுக்கு அடியில் நடக்கும் சண்டை எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் ஹார்ட் டிஸ்க் கூண்டுக்கும். ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ்ஸின் அகலமும் உயரமும் 150 × 86 மி.மீ. என்று நிலையானவை; நீளம் மட்டும் 140-இலிருந்து 180, அதற்கு மேலும் போகும். மாடுலர் வகை (வயர்களைத் தனியே கழற்றி மாட்டக்கூடியது) என்றால் கனெக்டரும் வயரின் வளைவும் இன்னும் 50 மி.மீ.யாவது கேட்கும். 160 மி.மீ. எஸ்எம்பிஎஸ்ஸுக்குக் கூண்டு 210-க்கு அப்பால் இருக்க வேண்டும். கூண்டை நகர்த்தவோ கழற்றவோ முடிந்தால் கவலையில்லை. ரிவெட் அடித்துப் பொருத்தியிருந்தால், 24-பின் வயரைக் கூண்டின் மேல் திணிப்பதும், ஒரு டிஸ்க்கைச் சேர்க்க எஸ்எம்பிஎஸ்ஸையே வெளியே எடுப்பதும் தவிர்க்க முடியாதவை. அடியில் எட்டிப் பார்த்தால் தெரியும்: கூண்டைப் பிடித்திருப்பது திருகா, ரிவெட்டா என்று. விலை வித்தியாசம் எங்கே போயிற்று என்பதற்கு இது ஒரு நேரடிப் பதில்.

இனி போர்டைத் தாங்கும் தகடு. உள்ளமைப்பில் மிகக் கவனமாகப் பார்க்க வேண்டிய பாகம் இதுதான், விளம்பரப் படங்களில் கண்ணுக்கே படாததும் இதுதான்.

ஸ்டாண்டாஃப் எனப்படும் பித்தளைக் கால்கள் போர்டைத் தகட்டிலிருந்து சுமார் 6.5 மி.மீ. தூக்கிப் பிடிக்கின்றன. போர்டின் பின்புறம் முழுக்கச் சாலிடர் முனைகள்; அவை உலோகத்தைத் தொடக் கூடாது. ஏடிஎக்ஸ் போர்டுகளில் பொதுவாக ஒன்பது துளைகள். கேபினெட்டில் ஆலையிலேயே ஒன்பது கால்கள் பொருத்தி வந்திருக்கும். அதில் மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டை வைத்தால், கீழ்வரிசைக் கால்களில் ஏதாவது ஒன்று போர்டில் துளையே இல்லாத இடத்தில் வந்து முட்டலாம். அந்த ஒரு காலைக் கழற்றாவிட்டால் ஷார்ட். பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் ஒரு கணம் அசைந்து நின்றுவிடும். பலர் எஸ்எம்பிஎஸ்ஸைச் சந்தேகப்பட்டு மாற்றிக்கொண்டிருப்பார்கள். ஆகவே கால்கள் கையால் கழற்றி மாட்டக்கூடியவையா என்று பாருங்கள். தகட்டையே மேடாகப் புடைத்துக் கால் போல் செய்திருந்தால் அதை எடுக்க வழியில்லை. நடுக்காலில் திருகுத் துளைக்குப் பதில் சிறிய கூம்பு இருந்தால் நல்லது: போர்டை அதில் மாட்டிவிட்டால் மற்ற துளைகள் தானாக நேர்கோட்டுக்கு வரும்.

மைக்ரோ ஏடிஎக்ஸ்ஸின் முழு அளவு 244 × 244 மி.மீ. என்றாலும் விலை குறைந்த போர்டுகள் அதைவிட ஒடுக்கமானவை. அவற்றின் வலது விளிம்புக்குக் கால் எட்டாது, விளிம்பு அந்தரத்தில் தொங்கும். 24-பின் கனெக்டரும் ராமும் அங்கேதான் இருக்கின்றன. பலமாக அழுத்தும்போது போர்டு வளையும். அந்த இடத்தில் விரலைக் கீழே கொடுத்துத் தாங்கிக்கொண்டு அழுத்துங்கள். அல்லது போர்டைப் பெட்டிக்குள் வைக்கும் முன்பே ராமை மாட்டிவிடுங்கள்.

திருகும் உலோகத் தகடும் மின்சாரம் ஓடும் போர்டும் நெருங்கும் இடத்தில் வடிவமைப்பு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு நிஜ உதாரணம் உண்டு. என்எக்ஸ்எக்ஸ்டியின் எச்1 என்ற சிறிய கேபினெட்டில், கார்டை மதர்போர்டோடு இணைக்கும் ரைசர் போர்டைக் கூட்டுடன் பொருத்தும் உலோகத் திருகுகள் ஷார்ட் ஏற்படுத்தித் தீப்பிடிக்கலாம் என்று 2021 பிப்ரவரியில் அமெரிக்காவில் சுமார் 32,000 பெட்டிகள் திரும்பப் பெறப்பட்டன. ரைசர் கூடவே வரும் கேபினெட்டுகளில் அந்தத் திருகுத் துளையைச் சுற்றி எவ்வளவு வெற்றிடம் விட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பது அதிகப்படியான எச்சரிக்கை ஆகாது.

மரைகளுக்கு வருவோம். கேபினெட்டில் இரண்டு வகை மரை: 6-32 என்ற தடித்த மரை, எம்3 என்ற மெல்லிய மரை. எஸ்எம்பிஎஸ், 3.5 அங்குல டிஸ்க், ஸ்லாட் தகடுகள் எல்லாம் 6-32. எஸ்எஸ்டி எம்3. ஸ்டாண்டாஃப் இரண்டு வகையிலும் வரும். 6-32 திருகை எம்3 துளையில் ஏற்றினால் மரை அப்போதே அழியும். நல்ல பெட்டியில் திருகுகளை வகைவாரியாகப் பிரித்துப் பையில் போட்டுப் பெயர் ஒட்டியிருப்பார்கள். மட்டமான பெட்டியில் எல்லாம் ஒரே பொட்டலம்; அதைவிட மோசம், துளைகளுக்கு உள்ளே பெயின்ட் அடைத்திருக்கும். சோதனை எளிது: ஒரு ஸ்லாட் திருகைக் கழற்றி, விரலால் மட்டும் திருப்பி மறுபடி ஏற்றிப் பாருங்கள். இரண்டு மூன்று சுற்று விரலிலேயே போக வேண்டும்.

அதே ஸ்லாட் பகுதியில் இன்னும் கொஞ்ச நேரம் நில்லுங்கள். மூடு தகடுகள் தனித்தனித் திருகில் இருக்கின்றனவா, முறித்து எடுக்கும் வகையா? முறித்தால் திரும்ப மூட முடியாது. கார்டை மாற்றும்போது ஓட்டை அப்படியே நிற்கும், தூசி அதன் வழியே வரும். ஸ்லாட்டுகளுக்கு நடுவிலுள்ள பட்டைகளை இரண்டு விரலால் அசைத்துப் பாருங்கள். அந்த 4090 போன்ற கார்டுகள் இரண்டு கிலோவுக்கு மேல் எடை. அதைப் பின்பக்கம் பிடித்து நிற்பவை அந்தப் பட்டைகளும் இரண்டு மூன்று திருகுகளும்தான். பட்டை வளைந்தால் கார்டின் முன்முனை தாழும். ஸ்லாட் வரிசை போர்டோடு ஒரு மி.மீ. விலகியிருந்தாலும் திருகை இறுக்கும்போது கார்டின் வால் ஸ்லாட்டிலிருந்து எழும்பும், கார்டு சில நாள் வேலை செய்யும், சில நாள் திரை கறுக்கும்.

தகட்டின் கனம் மலிவான பெட்டிகளில் 0.5 மி.மீ. அளவில் இருக்கும், உறுதியானவற்றில் 0.8-இலிருந்து 1 மி.மீ. அளவிட மைக்ரோமீட்டர் தேவையில்லை. இரண்டு பக்கப் பலகைகளையும் கழற்றிவிட்டு, மேலே ஒரு மூலையையும் அதற்கு எதிர்மூலையையும் பிடித்து மெதுவாக முறுக்குங்கள். சட்டம் முறுகி, விட்டதும் கால் ஒன்று தரையில் படாமல் ஆடினால் அது மெல்லிய தகடு. அப்படியே வயர் போகும் துளைகளின் விளிம்பில் விரலை மெதுவாக ஓட்டுங்கள். விளிம்பு உள்ளே மடிக்கப்பட்டிருக்க வேண்டும். வெட்டியபடியே விட்டிருந்தால் கையையும் கிழிக்கும், வயரின் உறையையும் நாளடைவில் கிழிக்கும்.

போர்டுத் தகட்டுக்குப் பின்னால், வலது பக்கப் பலகை வரை எத்தனை மி.மீ. என்று அளந்து பாருங்கள். 15 என்றால் 24-பின் வயர் போன இடத்தில் பலகை உப்பும், முழங்காலால் அழுத்தி மூட வேண்டிவரும். 20 போதும், 25 வசதி. கோர்செயர் 4000டி போன்ற பெட்டிகளில் போர்டின் வலது விளிம்பை ஒட்டி மேலிருந்து கீழாக ஒரு பள்ளம் விட்டிருக்கிறார்கள். தடித்த வயர்கள் எல்லாம் அதில் இறங்கிவிடும். அந்தப் பள்ளமும், வயர் பட்டை கோர்க்க வளையங்களும் சரியான இடத்தில் இருந்தால் வயர் வேலை பாதியாகக் குறையும்.

துளைகளின் எண்ணிக்கையைவிட அவை இருக்கும் இடம் முக்கியம். மூன்றைக் கட்டாயம் பாருங்கள். முதலாவது, மேல் இடது மூலையில் புராசஸர் பவருக்கான துளை. 8-பின் கனெக்டர் இரண்டு போக வேண்டும். மேலே ரேடியேட்டர் மாட்டிய பிறகும் துளை திறந்திருக்க வேண்டும். கனெக்டரை முதலில் செருகிவிட்டுத்தான் ரேடியேட்டரை மாட்ட முடியும் என்ற நிலை இருந்தால், பிற்பாடு எஸ்எம்பிஎஸ் மாற்ற நேர்ந்தால் ரேடியேட்டரையும் இறக்க வேண்டும். எஸ்எம்பிஎஸ் கீழே இருக்கும் பெட்டியில் இந்த வயர் 650 மி.மீ. நீளமாவது இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டாவது, மூடு தகட்டில் போர்டின் கீழ் இடது முனைக்கு நேராக ஒரு துளை. முன்பக்க ஆடியோ வயரை அங்கே செருக வேண்டும். துளை இல்லாவிட்டால் அது போர்டின் குறுக்கே ஓடும். மூன்றாவது, புராசஸருக்குப் பின்னால் உள்ள பெரிய சதுர வெட்டு. இன்டெல் சாக்கெட்டுகளில் கூலரின் பின்தகட்டை அதன் வழியாகத்தான் மாட்டுகிறோம். நான்கு திருகு முனைகளும் அந்த வெட்டுக்குள் தெரியவேண்டும். ஒன்று தகட்டுக்குள் மறைந்தால் கூலரை மாற்ற போர்டு முழுவதையும் வெளியே எடுக்க வேண்டும்.

கனெக்டர்கள் எல்லாம் பின்புறம் இருக்கும் புதுவகைப் போர்டுகளை ஆசுஸ் பிடிஎஃப் என்றும் எம்எஸ்ஐ பிராஜெக்ட் ஜீரோ என்றும் விற்கிறார்கள். அவற்றுக்குத் தகட்டில் தனி வெட்டுகள் வேண்டும். இரண்டின் கனெக்டர் இடங்களும் ஒன்றல்ல. கேபினெட் எந்தப் போர்டை ஏற்கும் என்று மாடல் பெயரோடு எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள்.

காற்றோட்டத்தில் வலை என்ற பெயரைப் பார்த்து நிறைவடைந்துவிடாதீர்கள். முன்பலகையைக் கழற்றி, உள்ளே டார்ச் அடித்து எதிர்ப்பக்கம் எவ்வளவு வெளிச்சம் வருகிறது என்று பாருங்கள். வெளியே வலை, அதற்குப் பின்னால் நெருக்கமான நைலான் ஃபில்டர், அதற்கும் பின்னால் பூ வடிவத்தில் துளைத்த தகடு என்று மூன்று அடுக்கு இருந்தால் ஃபேன் இழுப்பது பாதிதான். ஃபேன் சட்டத்தைச் சுற்றித் திறந்த ஓட்டைகள் இருக்கின்றனவா என்பதையும் கவனியுங்கள். இருந்தால் உள்ளே சூடான காற்று அந்த வழியே முன்னால் வந்து, அதே ஃபேன் வழியே மறுபடி உள்ளே போகும். மூன்று ஃபேன் ஓடியும் சூடு குறையாத பெட்டிகளில் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான். தடித்த அட்டையோ ஃபோம் டேப்போ வைத்து அடைத்தால் உடனே வித்தியாசம் தெரியும்.

கீழ் ஃபில்டர் எந்தப் பக்கம் உருவப்படுகிறது என்பது கடையில் யாருக்கும் தோன்றாத கேள்வி. பின்பக்கம் உருவும் வகை என்றால் ஒவ்வொரு முறையும் பெட்டியைச் சுவரிலிருந்து இழுத்து, வயர்களைக் கழற்ற வேண்டும். விளைவு, யாரும் அதைக் கழுவமாட்டார்கள், எஸ்எம்பிஎஸ் மூச்சுமுட்டும். நாள் முழுக்க ஜன்னல் திறந்திருக்கும், ஃபேன் ஓடும் வீட்டில் மாதம் ஒருமுறையாவது அதைக் கழுவ வேண்டும். முன்னாலோ பக்கத்திலோ உருவும் வகையைத் தேர்ந்தெடுங்கள். பெட்டியின் கால்கள் 20 மி.மீ. உயரமாவது இருக்கட்டும்.

ஹார்ட் டிஸ்க் வைப்பவர்கள் மட்டும் தட்டில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். 7200 ஆர்பிஎம் டிஸ்க் நொடிக்கு 120 முறை சுற்றுகிறது. மெல்லிய தகட்டில் நேரே திருகினால் பெட்டியே முனகும்.

கூட வரும் ஃபேன்களின் வயரைப் பின்தொடருங்கள். பழைய 4-பின் மோலெக்ஸில் முடிந்தால் அவை எப்போதும் முழு வேகத்தில் ஓடும், போர்டு அவற்றைக் கட்டுப்படுத்த முடியாது. நிறுவனத்துக்கே உரிய 6-பின் கனெக்டர் என்றால், ஒரு ஃபேன் கெட்டால் ஃபேன்களை இணைக்கும் ஹப்பும் ரிமோட்டும் சேர்த்து மாற்ற நேரிடும். சாதாரண 3-பின், 4-பின் கனெக்டர்தான் நிம்மதி. போர்டின் ஃபேன் ஹெட்டர் (ஃபேன் வயரைச் செருகும் இடம்) பொதுவாக 1 ஆம்பியர் தாங்கும், சிறிய ஃபேன் மூன்றைப் பிரிப்பானில் போடலாம். விளக்கு வயரில் 5 வோல்ட் 3-பின், 12 வோல்ட் 4-பின் என்று இரண்டு உண்டு. 5 வோல்ட் விளக்கை 12-இல் செருகினால் அப்போதே எரிந்து போகும்.

உங்கள் இரண்டு மாடலுக்கு இடையே முடிவெடுக்க ஒரு வழி: குறைகளை இரண்டு பட்டியலாகப் பிரியுங்கள். ஃபேன், ஃபில்டர், வயர் பட்டை, ரப்பர் வளையம் இவை பிறகு சில நூறு ரூபாயில் சரியாகும். தகட்டின் கனம், ஸ்லாட் வரிசை விலகல், பின்பக்க இடைவெளி, கூரைத் துளைகளின் இடம் இவற்றை எந்தப் பணத்தாலும் பிறகு மாற்ற முடியாது. விலை குறைந்த மாடலின் குறைகள் எல்லாம் முதல் பட்டியலில் இருந்தால் தயங்காமல் அதையே வாங்கி, மிச்சப் பணத்தை எஸ்எம்பிஎஸ்ஸில் போடுங்கள். இரண்டாம் பட்டியலில் ஒன்று விழுந்தாலும் மற்றதுக்குப் போங்கள்.

கடைக்குப் போகும்போது அளக்கும் டேப், டார்ச், ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் போதும். கண்ணாடியைக் கழற்றிப் பார்க்கும்போது அதை டைல்ஸ் தரையில் ஓரம் ஊன்றி நிறுத்தாதீர்கள். டெம்பர்டு கண்ணாடியின் முகம் தாங்கும் அடியை விளிம்பு தாங்காது. கடினமான டைல்ஸில் லேசாக இடித்தாலே மொத்தமும் பொடியாகும். வந்த அட்டைப்பெட்டியின் மேல் படுக்க வைத்துவிட்டு உள்ளே பாருங்கள்.